மேகத்தின் முதுகு: வானிலைச் செயற்கைக்கோள் கருவிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே நிற்கும் நமக்குத் தெரிவது மேகத்தின் வயிறு. செயற்கைக்கோளுக்குத் தெரிவது அதன் முதுகு. மழை வயிற்றிலிருந்து கொட்டுகிறது. படமோ முதுகைக் காட்டுகிறது. வானிலைப் படங்களைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்த முரணிலிருந்து பிறந்தவை. தினமும் இந்தப் படங்களோடு பழகுகிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செய்திகளில் காட்டும் மேகப் படம் கேமராவில் எடுத்த புகைப்படம்தானா?

பகல் நேரத்துக் கறுப்பு வெள்ளைப் படம் என்றால், கிட்டத்தட்ட ஆம். மேகத்தில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைத்தான் கருவி அளக்கிறது. தடித்த மேகம் வெள்ளையாகவும், கடல் கறுப்பாகவும் தெரியும்.

சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வரும் படம் புகைப்படமே அல்ல. அது ஓர் எண் அட்டவணை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் கருவி ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது: குறிப்பிட்ட அலைநீளத்தில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு ஆற்றல் வந்தது என்று. அந்த எண்ணை வெப்பநிலையாக மாற்றி, வெப்பநிலைக்கு ஒரு நிறத்தைப் பூசுபவர்கள் தரையில் இருக்கிறார்கள். மைனஸ் 60 டிகிரிக்கு ஒரு நிறுவனம் சிவப்புப் பூசும், இன்னொன்று வெள்ளை பூசும். ஆகவே படத்தைப் பார்க்கும் முன் ஓரத்தில் இருக்கும் நிற அளவுகோலைப் பாருங்கள். அளவுகோல் இல்லாமல் வரும் படத்தை நான் பெரும்பாலும் கடந்து போய்விடுவேன்.

இயல்பான நிறத்தில் வரும் முழுப் பூமிப் படத்திலும் ஒரு சின்ன ரகசியம் உண்டு. ஜப்பானின் ஹிமாவரி-8 செயற்கைக்கோளின் கருவிக்குப் பச்சை ஒளியை அளக்கும் அலைவரிசை இருக்கிறது. அதன் சகோதரன் என்று சொல்லத்தக்க, அமெரிக்க கோஸ்-16 செயற்கைக்கோளின் கருவிக்கு அது இல்லை. சிவப்பு, நீலம், தாவரங்கள் பளிச்சென்று தெரியும் அண்மை அகச்சிவப்பு ஆகிய மூன்றையும் கலந்து பச்சையைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள்.

சூரியனே இல்லாத இரவில் மேகம் எப்படித் தெரிகிறது?

எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பூமியின் தரையும் மேகமும் இருக்கும் வெப்பநிலையில் இந்தக் கதிர்வீச்சு 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சம் தொடுகிறது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நல்லவேளையாக, 10 முதல் 12 மைக்ரான் வரையில் காற்று பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. அந்தச் சன்னல் வழியாகத்தான் கருவி இரவும் பகலும் பூமியைப் பார்க்கிறது. மேலே போகப் போகக் காற்று குளிரும் என்பதால், குளிர்ந்த முதுகு என்றால் உயரமான மேகம். சூடான முதுகு என்றால் தாழ்ந்த மேகம் அல்லது வெறும் தரை.

இதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஒரு முறை பின்னிரவில் அகச்சிவப்புப் படத்தைப் பார்த்தேன். நான் போகவேண்டிய வழி முழுக்கத் துளி மேகம் இல்லை. நிம்மதியாகக் காரை எடுத்தேன். அரை மணி நேரத்தில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாத மூடுபனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தேன். படம் பொய் சொல்லவில்லை. தரையோடு படர்ந்த மூடுபனியின் வெப்பநிலையும் தரையின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அகச்சிவப்புக்கு இரண்டும் ஒரே நிறம். இதற்காகவே 3.9 மைக்ரான் அலைவரிசையையும் 10.8 மைக்ரான் அலைவரிசையையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒரு தனிப்படம் தயாரிக்கிறார்கள். நுண்ணிய நீர்த்துளிகள் 3.9 மைக்ரானில் சற்றுக் குறைவாகவே கதிர்வீசும் என்பதால், அந்த வித்தியாசத்தில் மூடுபனி தனியே எழுந்து நிற்கும். அன்று நான் பார்த்திருக்க வேண்டியது அந்தப் படத்தை.

சிவப்பாக இருக்கும் இடத்தில்தான் கனமழை பெய்கிறதா?

இல்லை. அடிக்கடி அப்படி அமையும், ஆனால் விதி அல்ல.

சிவப்பு சொல்வது முதுகு குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. ஒரு பெரிய இடிமேகம் வளிமண்டலத்தின் கூரையை முட்டியதும், மேலே ஏற வழியின்றிப் பக்கவாட்டில் பரவும். கொல்லனின் பட்டறைக்கல் போன்ற அந்தப் பரப்பு நூறு, இருநூறு கிலோமீட்டர் வரைகூட நீளும். மழை ஒரு மூலையில் கொட்டும். சிவப்போ முழுப் பரப்பிலும் தெரியும். மழை ஓய்ந்த பிறகும் மேலே பனிப்படிக மேகம் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும், படமும் சிவந்தே இருக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். மலைச்சரிவில் ஈரக்காற்று மோதி எழும்பும்போது, அதிக உயரம் போகாத மேகங்களே பேய்மழை பொழியும். அவற்றின் முதுகு அவ்வளவு குளிராது. படத்தில் சாதுவாகச் சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும்.

எனக்குச் சிவப்பின் பரப்பைவிட அது மாறும் வேகம்தான் முக்கியம். அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களில் ஒரு புள்ளி கிடுகிடுவெனக் குளிர்ந்தால் அங்கே மேகம் எழும்புகிறது என்று பொருள். மாலைச் சூரியன் சாயும் நேரத்துப் பகல் படத்தில் இன்னொன்றும் பார்க்கலாம்: வழுவழுப்பான மேகக் கூரைக்கு மேல் கொப்புளம்போல ஒரு புடைப்பும், அதன் நிழலும். கீழிருந்து வந்த காற்று கூரையைப் பிளந்து மேலே தலைநீட்டிய இடம் அது. வயிற்றுப் பக்கம் என்ன நடக்கிறது என்று முதுகே காட்டிக்கொடுக்கும் அபூர்வமான இடங்களில் ஒன்று.

இதெல்லாம் எப்போது தொடங்கியது?

1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 செயற்கைக்கோளில். இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள், 78 நாள் ஆயுள், சுமார் 23,000 படங்கள். பம்பரம்போலச் சுழன்ற அதன் அச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கியே இருந்ததால், சுற்றுப்பாதையின் ஒரு பகுதியில்தான் கேமரா பூமியைப் பார்த்தது. மீதி நேரம் வெட்டவெளியைப் பார்த்தது. ஆனாலும் புயல் மேகங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுருள் சுருளாக ஒழுங்குடன் அமைந்திருப்பதை அந்தப் படங்கள் கண்முன் நிறுத்தின.

ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள், சுற்றிவரும் செயற்கைக்கோள்: எது மேல்?

இரண்டும் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். பூமியின் ஒரே முகத்தை இடைவிடாமல் பார்க்கும். மேகம் நகர்வதைப் படச்சுருளாக ஓட்டிக் காட்ட முடிவது இதனால்தான். துருவங்கள் மட்டும் அதற்கு எட்டாது. அவ்வளவு சாய்வாகப் பார்த்தால் எதுவும் விளங்காது.

துருவங்களின் மேலாகச் சுற்றுபவை சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடுகின்றன. நெருக்கத்தில் இருப்பதால் கூர்மை அதிகம். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவு நுணுக்கத்தில் காட்டும். நிலவொளியில்கூட மேகங்களைப் படமெடுக்கும். ஆனால் தலைக்குமேல் வந்து போய்விட்டால், அதே இடத்தை மறுபடி பார்க்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அவ்வளவு தூரத்தில் நிற்கும் கருவி முழுப் பூமியையும் ஒரே சொடுக்கில் படமெடுக்கிறதா?

சொடுக்கே கிடையாது. எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பாவின் இரண்டாம் தலைமுறை மீட்டியோசாட் ஓர் உருளை. நிமிடத்துக்கு 100 முறை சுழல்கிறது. சுழலும் உடலோடு அதன் செவிரி கருவியும் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 0.6 விநாடி. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பூமி சுமார் 17 டிகிரி அகலம்தான். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பூமி கண்ணில் படுவது 0.03 விநாடிக்குள். அந்த இமைப்பொழுதில் ஒரு மெல்லிய பட்டையை வருடி முடித்துவிட வேண்டும். மீதி நேரமெல்லாம் கருவி இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த சுற்றுக்குள் உள்ளே இருக்கும் கண்ணாடி இம்மியளவு சாயும். சற்று வடக்கே அடுத்த பட்டை. இப்படித் தெற்கிலிருந்து வடக்கு வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள், பன்னிரண்டு நிமிடச் சொச்சம். பிறகு கண்ணாடி தொடக்க நிலைக்குத் திரும்பும், கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும், பதினைந்தாவது நிமிடத்தில் மறுபடி தெற்கிலிருந்து தொடங்கும்.

அப்படியானால் ஒரே படத்தில் தெற்கு விளிம்பும் வடக்கு விளிம்பும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. படத்தில் அச்சாகியிருக்கும் நேரத்துக்கும், உங்கள் தலைக்குமேல் இருக்கும் மேகம் பதிவான நேரத்துக்கும் பத்து நிமிடம்வரை வேறுபாடு இருக்கலாம்.

சுழற்சியையே வருடலாக மாற்றும் இந்த யோசனை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெர்னர் சுவோமியுடையது. 1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏடிஎஸ்-1 செயற்கைக்கோளில் முதன்முதலாகப் பறந்தது. மேலே சொன்ன சுவோமி என்பிபி அவர் பெயரைத் தாங்கியதுதான்.

புதிய கருவிகள் சுழல்வதில்லை. கோஸ்-16, ஹிமாவரி-8 வகைச் செயற்கைக்கோள்கள், 2022 டிசம்பரில் போன மூன்றாம் தலைமுறை மீட்டியோசாட் ஆகியவை பூமியை விட்டு முகம் திருப்பாமல் நிற்கின்றன. உள்ளிருக்கும் கண்ணாடிகள் மட்டும் அசைந்து வருடுகின்றன. முழு வட்டத்துக்கு 10 நிமிடம் போதும். முழு வட்டத்தை வருடும் வேலைக்கு நடுவிலேயே ஒரு புயலின்மேல் மட்டும் பார்வையைக் குவித்து, கோஸ் கருவியால் 30 விநாடிக்கு ஒரு படம்கூடத் தர முடியும். இந்தியாவின் இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் கருவிகள் தலா அரை மணி நேரத்துக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கினால் கால் மணி நேரத்துக்கு ஒன்று கிடைக்கும்.

ஒரே மேகத்தைப் பார்க்க எதற்குப் பதினாறு அலைவரிசைகள்?

ஒவ்வொன்றும் வேறு கேள்வி கேட்கிறது. 1.4 மைக்ரானை ஒட்டிய ஒன்று, கண்ணுக்குத் தப்பும் மெல்லிய கீற்று மேகத்தை மட்டும் காட்டும். கீழிருந்து வரும் ஒளியை நீராவி விழுங்கிவிடுவதால் தரை மறைந்துபோகும். 1.6 மைக்ரானில் பனி கறுக்கும், நீர்த்துளி மேகம் வெளுக்கும்; தரையில் கிடக்கும் பனியையும் மேலே மிதக்கும் மேகத்தையும் பிரித்தறிய அது போதும். 3.9 மைக்ரான் காட்டுத்தீக்கு உடனே துடிக்கும். 11, 12 மைக்ரான் இரண்டையும் ஒப்பிட்டால் புழுதியும் எரிமலைச் சாம்பலும் மேகத்திலிருந்து பிரியும்.

எனக்கு இவற்றில் அதிகம் பிடித்தது 6 முதல் 7 மைக்ரானுக்கு இடைப்பட்ட நீராவி அலைவரிசை. இங்கே காற்றிலுள்ள நீராவியே கதிரை விழுங்கித் தன் கதிரை வெளியிடுகிறது. அதனால் தரை தெரியாது. நடு, மேல் வளிமண்டலத்தின் ஈரம்தான் தெரியும். மேகமே இல்லாத இடத்தில்கூடக் காற்று ஓடும் தடம் ஆறுபோலத் துலங்கும். 1977இல் பறந்த முதல் மீட்டியோசாட்டிலேயே இது இருந்தது. ஒரு புயலின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு நாக்கு நீண்டால், வறண்ட காற்று உள்ளே நுழையப் பார்க்கிறது என்று அர்த்தம். புயலுக்கு அது நல்ல செய்தி அல்ல.

நடுக்கடலில் இருக்கும் புயலின் வலிமையை யார் போய் அளந்தார்கள்?

பெரும்பாலும் யாரும் போவதில்லை. உலகின் பல கடல்களில் புயலின் வேகமாக அறிவிக்கப்படும் எண், படத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு. அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவோராக் 1970களில் வகுத்த முறை இது. மேகப்பட்டை மையத்தை எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது, கண் இருக்கிறதா, கண்ணுக்கும் அதைச் சூழ்ந்த மேக வளையத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு என்று பார்த்து, 1 முதல் 8 வரை அரை அரையாக ஒரு மதிப்பெண் தருவார்கள். கண்ணின் அடியில் வெதுவெதுப்பும், சுற்றிலும் மைனஸ் 70, 80 டிகிரிக் குளிருமாக இருந்தால் அது கொடும் புயல்.

காற்றையே அளக்காமல் காற்றின் வேகத்தைச் சொல்லும் இந்த முறை, அரை நூற்றாண்டாக நிலைத்திருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இதன் பலவீனமும் முதுகுதான். புயல் இன்னும் கண் திறக்காமல் மேலே போர்வை போர்த்திக் கிடக்கும்போது, அகச்சிவப்பில் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும். மையம் எங்கே என்பதில்கூடப் பல கிலோமீட்டர் தவறு வரும். அப்போதுதான் நுண்ணலைக் கருவியைத் தேடுவோம்.

நுண்ணலைக் கருவி மேகத்துக்குள் பார்க்குமா?

பார்க்கும். மெல்லிய பனிப்படிகப் போர்வையை நுண்ணலை ஏறக்குறைய கவனிப்பதே இல்லை. அதன் அலைநீளத்துக்கு அந்தப் படிகங்கள் மிகச் சிறியவை. பெரிய பனித்துகளும் மழைத்துளியும்தான் அதைத் தடுக்கும். 89 கிகாஹெர்ட்ஸ் படத்தில், வெள்ளைத் திட்டாகத் தெரிந்த அதே புயலுக்குள் கண்சுவர், அதாவது கண்ணைச் சூழ்ந்த மேக வளையம், ஒரு மோதிரம்போலத் தெரியும். மோதிரம் முழுமையா, ஒரு பக்கம் அறுந்திருக்கிறதா, அதைச் சுற்றி இரண்டாவது மோதிரம் உருவாகிறதா என்பவை அடுத்த 12 மணி நேரத்தில் புயல் என்ன செய்யும் என்பதற்கான துப்புகள்.

இவ்வளவு நல்ல கருவியை ஏன் நிலையாக நிற்கும் செயற்கைக்கோளில் வைக்கவில்லை? அலைநீளம் பெரிது என்பதுதான் சிக்கல். அலைநீளம் பெருகப் பெருக, அதே கூர்மைக்குப் பெரிய அலைவாங்கி (ஆன்டெனா) வேண்டும். ஜப்பானின் ஆம்சர்-2 கருவி 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில கிலோமீட்டர் நுணுக்கத்தில் பார்க்கவே 2 மீட்டர் அகலக் கிண்ணம் வைத்திருக்கிறது. ஐம்பது மடங்கு உயரத்திலிருந்து அதே கூர்மை வேண்டுமென்றால் கிண்ணத்தின் அளவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே நுண்ணலைப் படம் எப்போது கிடைக்கும் என்பது, சுற்றிவரும் செயற்கைக்கோள் எப்போது புயலின் மேலே வருகிறது என்பதைப் பொறுத்தது. வரவேண்டிய நேரத்தில் அதன் பட்டை புயலை நூலிழையில் தவறவிட்டுப் போகும்போது வரும் எரிச்சல், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்கு மேலே மேகம் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாமா?

பெரிதாக்கலாம்; நம்பவேண்டாம். அகச்சிவப்பில் ஒரு படப்புள்ளி என்பது நேர்க்கீழே 2 முதல் 4 கிலோமீட்டர் சதுரம். விளிம்பை நோக்கிப் போகப் போக அது இன்னும் பெரிதாகி நீளும். அதைவிட முக்கியமானது இடப்பெயர்ச்சி. கருவி சாய்வாகப் பார்ப்பதால், உயர்ந்த மேகம் தன் உண்மையான இடத்திலிருந்து தள்ளி விழுந்ததுபோலத் தெரியும். 15 கிலோமீட்டர் உயர மேகத்தைச் செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் பார்த்தால் பிழை சுமார் 26 கிலோமீட்டர். பக்கத்து ஊர் மழை உங்கள் ஊரில் நிற்கும்.

மின்னலையும் படமெடுக்கிறார்களா?

ஆம். கோஸ்-16 வகைச் செயற்கைக்கோள்களில் உள்ள மின்னல் கருவி 777.4 நானோமீட்டர் என்ற ஒற்றை நிறத்தில் மட்டும் பூமியை விநாடிக்கு 500 முறை பார்க்கிறது. மின்னலில் சூடேறும் ஆக்சிஜன் ஒளிரும் நிறம் அது. தரையில் விழுந்த மின்னலா, மேகத்துக்குள்ளேயே பாய்ந்ததா என்று அதனால் பிரிக்க முடியாது.

கருவி சரியாக அளக்கிறது என்று எப்படி நம்புவது?

அகச்சிவப்புக்கு, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கரும்பொருளைக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதை ஒரு முறை, வெறும் விண்வெளியை ஒரு முறை என்று மாறி மாறிப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளும். ஒளி அலைவரிசைகளுக்கு நிலவையும் உரைகல்லாக வைக்கிறார்கள். காற்றில்லாத அந்தத் தரை மாறுவதேயில்லை.

பெரிய எதிரி வெப்பம். குளிரை அளக்க வேண்டிய உணரி தானே சூடாக இருந்தால் தன் வெப்பத்தையே அளந்துகொண்டிருக்கும். அதனால் சுமார் மைனஸ் 213 டிகிரிக்கு அதைக் குளிர்விக்கிறார்கள். 2018இல் ஏவிய கோஸ்-17இல் வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் குழாய் அமைப்பு பழுதானது. அந்நியத் துகள் அடைத்திருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. ஆண்டின் சில பருவங்களில், இரவின் சில மணி நேரங்களுக்கு அதன் பல அகச்சிவப்பு அலைவரிசைகள் பயனற்றுப் போயின. 2023 ஜனவரியில் கோஸ்-18 அந்த இடத்துக்கு வந்தது.

மார்ச், செப்டம்பர் நள்ளிரவுகளில் சில படங்கள் வராமல் போவது ஏன்?

சம இரவு நாட்களை ஒட்டி, நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போய் வரும். அதிகபட்சம் 72 நிமிடம். அதற்குச் சற்று முன்னும் பின்னும் சூரியன் பூமியின் விளிம்பிலிருந்து நேராகக் கருவிக்குள் எட்டிப் பார்க்கும். கண்ணைக் காத்துக்கொள்ள அந்த நேரப் படங்களை விடுவதோ, ஒரு பகுதியை வெட்டுவதோ வழக்கம்.

கணினி மாதிரிகள் இந்த மேகப் படங்களைப் பார்த்துத்தான் நாளைய மழையைச் சொல்கின்றனவா?

படத்தை அல்ல, எண்களை. தன் கணிப்பு சரியாக இருந்தால் செயற்கைக்கோள் இந்த இடத்தில் என்ன எண்ணை அளந்திருக்க வேண்டும் என்று மாதிரி முதலில் கணக்கிடும். வந்த எண்ணோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்பத் தன் வெப்பநிலையையும் ஈரத்தையும் திருத்திக்கொள்ளும். இதற்கு அழகான மேகப் படங்களைவிட, கண்ணுக்கு ஒன்றுமே புரியாத நுண்ணலை அளவுகளும், மெட்டாப் செயற்கைக்கோளின் ஐயாசி போல 8,461 அலைவரிசைகளாக அகச்சிவப்பைப் பிரிக்கும் கருவிகளும்தான் பெரிதும் உதவுகின்றன. படங்களிலிருந்து மாதிரிக்குப் போகும் முக்கியமான சரக்கு காற்று: அடுத்தடுத்த படங்களில் மேகத் துணுக்குகள் நகர்ந்த தூரத்தை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

5ஜி வந்தால் வானிலைக் கணிப்பு கெட்டுவிடும் என்கிறார்களே?

கவலைக்கு அடிப்படை உண்டு. காற்றிலுள்ள நீராவி இயற்கையாகவே 23.8 கிகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய சமிக்ஞை தருகிறது; 5ஜிக்கு ஒதுக்கிய ஒரு பட்டை 24.25இல் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி ஓரிழை கசிந்தாலும் கிசுகிசுப்பு கேட்காது. 2019இல் ஷார்ம் எல் ஷேக்கில் கூடிய உலக வானலைத் தொடர்பு மாநாடு கசிவுக்கு வரம்பு விதித்தது. வானிலையாளர்கள் கேட்ட அளவு கடுமையாக அது இல்லை.

நானே பார்க்கத் தொடங்கினால் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

நேரத்தை. பெரும்பாலான படங்களில் உலகப் பொது நேரம்தான் இருக்கும். உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரப் பழைய படத்தைப் புதிது என்று பகிர்பவர்கள் ஏராளம். பிறகு எந்த அலைவரிசை, என்ன நிற அளவுகோல் என்று பாருங்கள். ஒற்றைப் படத்தோடு நிற்காமல் கடைசி இரண்டு மணி நேரப் படங்களை ஓடவிடுங்கள். மழை பெய்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் செயற்கைக்கோளை விட்டுவிட்டு ரேடார் படத்தைத் திறங்கள். வயிற்றைப் பார்ப்பது அதன் வேலை.